பதினேழாவது நெரை

தேயிலைத் தோட்டத்தின் மேக்கணக்குப் பிரிவில், லயத்து வீடுகளுக்குப் பொதுவான பீலியில் தண்ணீர் கலங்கி வந்த அன்று காலை, தம்பையா தலையில் மஞ்சள் ஹெல்மட்டோடு வாசல்படியில் உட்கார்ந்து, மரம் அறுக்கும் மிஷினின் சங்கிலிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான். வேலைக்குக் கிளம்ப இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. அதற்குள் தலையில் ஹெல்மட் எதற்கு என்று யாரும் கேட்கக்கூடாது. அது வந்த நாளிலிருந்து குளிக்கவும் தூங்கவும் மட்டுமே அவன் அதைக் கழற்றினான்.

பெருமைப்பட்டுக்கொள்ள அவனுக்குக் காரணம் இல்லாமலில்லை. பதினெட்டு வருடம் தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன். தேயிலைச் செடியில் அவன் கத்தி விழுந்தால் ஒரே வீச்சுதான். வெட்டுவாய் சாய்வாக இருக்கும், மழைத்தண்ணீர் தேங்காது, பட்டை கிழியாது. அதற்குப் பிறகு பதுளையில் ஒரு மரக்காலையில் சேர்ந்து மிஷின் பழகினான். நிலத்தில் ஒரு குச்சியை நட்டுக் காட்டினால் எண்பதடி மரத்தை அந்தக் குச்சியின் மேலேயே விழுத்துவான். நமுனுகுலவிலிருந்து ஸ்பிரிங்வெளி வரைக்கும் அவனுக்கு ‘மிஷின் மாஸ்டர்’ என்றுதான் பெயர். ஊரெல்லாம் புகழ்ந்தது. பெண்சாதி நல்லம்மா மட்டும் புகழவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில், அவன் வெட்டிய மலையைக் கடந்து போகும்போது அவள் சொன்னதெல்லாம் ஒரு ‘ம்’.

நல்லம்மா பீலியடியிலிருந்து வந்து வாளியை அவன் முன்னால் வைத்தாள். தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. வடித்துக் காய்ச்சி மகள் விதுஷா தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தாள். பால் ஊற்றாமலேயே அது பால்தேத்தண்ணி மாதிரி இருந்தது.

“மேல என்னாங்க வேல நடக்குது?” என்றாள் நல்லம்மா.

“தெரியாத மாதிரி கேக்குற. வழி வெட்டுறோம்.”

“பைப்பு போடுறதுக்கு எதுக்குங்க பன்னெண்டடி அகலத்துல வழி?”

தம்பையா அரத்தை இன்னும் கொஞ்சம் வேகமாக இழுத்தான்.

அந்தப் பைப்புக் கதையைச் சொன்னவன் விஜேந்திரன். அதே லயத்தில் பிறந்து வளர்ந்து, பதுளைக்குப் போய் கொந்தராத்து எடுத்து, டபுள்கெப் வண்டியில் திரும்பி வந்தவன். லயங்களுக்கு மேலே, தேயிலை முடிகிற தொங்கலுக்கு அப்பால், காடு தொடங்குகிறது. கீனாவும் காட்டுநாவலும் ஆள் உயரப் பெரணியும் அட்டையுமாக, பகலிலேயே இருட்டிக் கிடக்கும் காடு. அதற்குள் மூன்று ஊற்று இருக்கிறது. நாற்பத்திரண்டு குடும்பம் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். அந்தக் காட்டின் வழியாகப் புதிதாகப் பைப்பு வரப்போகிறது, கீழ்ச்செடியை மட்டும் வெட்டித் தாருங்கள் என்று விஜேந்திரன் ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெண்களைக் கூப்பிட்டான். பதினாறு பேர் போனார்கள். போனவர்கள் சும்மா வெட்டியிருக்கலாம். பழக்கதோஷம் விடுமா? வழிக்கு அடையாளமாக விஜேந்திரன் கட்டியிருந்த சிவப்பு ரிப்பனுக்கு ரிப்பன் நடுவில் நல்லம்மா காட்டை நெரை நெரையாகப் பிரித்தாள்.

தோட்டத்தில் விடிந்தால் பெரட்டு. எல்லாரும் வந்து நிற்பார்கள், வேலையைப் பிரிப்பார்கள், கொழுந்து பறிக்கிறவளுக்கு ஒரு நெரை, அதாவது ஒரு வரிசைச் செடி, கிடைக்கும். கிடைத்த நெரையை முடிக்கும்வரை அது அவளுடையது. இன்னொருத்தி அதில் கை வைத்தால், அவளுடைய அடுப்பில் கை வைத்த மாதிரி. அதற்காகக் கூடையால் அடித்துக்கொண்டவர்களும் உண்டு, பதினைந்து வருடம் பேசாமல் இருந்த அக்கா தங்கச்சிகளும் உண்டு. காட்டைப் பிரித்தபோது பதினேழு நெரை வந்தது. ஆள் பதினாறுதான். கடைசி நெரை ஓடையோரம் இருந்தது. அதைப் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டார்கள். மூன்று ஞாயிறு பாதிவரை வெட்டினார்கள். அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். விஜேந்திரன் கொஞ்சம் கூடவே கெட்டிக்காரன், அவனுடையது ஒரு மாதம் தாங்கியது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த விதுஷாதான், சந்தியில் புதிதாக நட்டிருந்த சிங்களப் பலகையை வாசித்துவிட்டு ஓடி வந்தாள். காட்டுக்கு மேலே, மலை முகட்டில் ஹோட்டல் வரப்போகிறது. அதற்கு ரோடு. ரோடு ஊற்றுகளின் தலைமேல் போகிறது. ஊற்று போனால் தண்ணீர் போச்சு. சரிவை வெட்டினால் மண்ணும் இறங்கும். மழைக்காலத்தில் மண்சரிவு என்று வானொலி சொன்னாலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலடிக்கு ஓடுகிற லயம் அது.

விதுஷா மூன்று அரசாங்கக் கந்தோர்களுக்குச் சிங்களத்தில் கடிதம் எழுதினாள். ஒன்றிலிருந்து மட்டும், விஷயம் கவனத்தில் எடுக்கப்பட்டது என்று பதில் வந்தது. அவர்கள் கவனத்தில் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் காட்டு மரங்களுக்குச் சிவப்பு பெயின்ட்டில் நம்பர் விழுந்தது. விஜேந்திரனிடம் வேலைக்குச் சேர்ந்த தம்பையா ஒன்றிலிருந்து பதினொன்று வரை சாய்த்தான். அதில் இரண்டை ஓடைப் பள்ளத்துக்குக் குறுக்கே போட்டு, மண் வெட்டும் பெக்கோ மிஷின் ஏறிப் போகப் பாலமும் கட்டினான். முப்பதடிப் பள்ளத்தில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்த அந்தப் பாலத்தைப் பார்க்கவென்றே கீழ்க்கணக்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

பீலித் தண்ணீர் கலங்கிய அன்று ராச்சாப்பாட்டில் பேச்சு முற்றியது. தான் வெட்டாவிட்டால் இன்னொருத்தன் வெட்டப்போகிறான், மரம் நிற்கப்போவதில்லை என்று தம்பையா வாதாடினான். வெட்ட வேறு ஆள் கிடைக்கட்டும், அது நீங்களாக இருக்க வேண்டாம் என்றாள் நல்லம்மா. அவனுக்கு ரோசம் வந்துவிட்டது.

“பெரிய நாயம் பேசாத புள்ள. மொதல்ல காட்ட தொறந்து குடுத்தது யாரு? நீங்க பதினாறு பேரும்தான? நெரை பிரிச்சு நின்னது நீதான?”

நல்லம்மா, கல்லில் கிடந்த ரொட்டி ஒரு பக்கம் கருகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் கையே தன் கண்ணைக் குத்திவிட்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னாள்.

“ஆமாங்க. நாங்கதான் நெரை புடிச்சோம். அந்த நெரை இன்னும் முடியல.”

அதில் என்ன இருக்கிறது என்று தம்பையாவுக்கு அன்றைக்கு விளங்கவில்லை. மறுநாள் காலை விளங்கியது.

மிஷினைத் தோளில் போட்டுக்கொண்டு, நாலு உதவியாட்களோடு அவன் தொங்கலுக்கு ஏறியபோது, காட்டுக்குள் பெரட்டு நடந்துகொண்டிருந்தது. பதினாறு பெண்களும் இடுப்பில் மழைக்குப் படங்கு விரிப்பைச் சுற்றிக் கட்டி, முதுகில் கூடை மாட்டி, அட்டை ஏறாமல் காலெல்லாம் சவுக்காரம் பூசிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நல்லம்மா ஒரு கொப்பியைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டாள். ஒவ்வொருத்தியும் “இருக்கேன்” என்று சொல்லிவிட்டுத் தன் நெரைக்குள் போய், அங்கே நின்ற மரத்தடியில் உட்கார்ந்தாள். நல்லம்மாவின் நெரையில் நின்றது பெரிய கீனா. நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம். நம்பர் பன்னிரண்டு.

உதவியாட்கள் ரிப்பனடியில் நின்றுவிட்டார்கள். எல்லாருமே அந்த லயத்து ஆட்கள். இராசையா என்பவன், தம்பையாவுக்குக் கயிறு பிடிப்பவன், தலையைச் சொறிந்தான்.

“மாஸ்டர், அந்தா ரெண்டாவது நெரையில ஒக்காந்திருக்கிறது எங்க வீட்டுக்காரி. அதுல நான் கால வச்சேன்னா பொறகு லயத்துப் பக்கமே போக ஏலாது.”

விஜேந்திரன் டபுள்கெப்பை விட்டு இறங்கி ஓடி வந்தான். அவன் ஒன்றும் கெட்டவனில்லை. மேலே இருக்கிற பெரியவர்களிடம் நாள் குறித்துக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவன். இது என்ன தேயிலை மலையா, காட்டில் ஏது நெரை என்று சத்தம் போட்டான்.

“தம்பி, குடுத்தது நீங்கதான?” என்றாள் நல்லம்மா. “வேல பாதியில நிக்கிது. முடிச்சிட்டு எறங்குறோம். அதுவரைக்கும் வேற ஆளு கை வைக்கப்படாது.”

“எப்ப முடிப்பீங்க?”

“மெதுவாத்தான் முடிப்போம். கொழுந்து நிறுக்கவா போறீங்க, அவசரப்பட?”

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நல்லம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“ஒங்கம்மா நெரையில ஒருத்தி கை வச்ச அன்னைக்கு, அம்மா பெரட்டுக்களத்துல மண்ண வாரி எறைச்சிட்டு நின்னத நீங்களும் பாத்திருக்கீங்க. எனக்கு அது மறக்கல. ஒங்களுக்கு மறந்திருச்சா?”

விஜேந்திரன் டபுள்கெப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுடைய அம்மா செத்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

தம்பையாவுக்கோ மானப் பிரச்சினை. ஊருக்கெல்லாம் மாஸ்டர், பெண்சாதி முன்னால் மட்டும் செல்லாக்காசா? மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு காலை ரிப்பனுக்கு அப்பால் வைத்தான். நல்லம்மா எழும்பவில்லை, தடுக்கவுமில்லை. அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நெரைக்குள் வந்த அந்தக் காலை மட்டும் பார்த்தாள். பதினாறு பெண்களும் அந்தக் காலையே பார்த்தார்கள். தம்பையா காலை எடுத்துக்கொண்டான். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் லயத்துக்கு இறங்கிப் போய், ஹெல்மட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

சாயங்காலம் வந்த நல்லம்மா விளக்கடியில் உட்கார்ந்து கொப்பியில் பேர் போட்டாள். நாள் முழுக்க வேலை செய்தால் முழுப்பேர், பாதியில் போனால் அரைப்பேர். தோட்டத்துக் கணக்கு அப்படித்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மத்தியானம் இறங்கிப் போனவளுக்கு அவள் கறாராக அரைப்பேர் போட்டாள். சம்பளமில்லாத வேலைக்குப் பேர் எதற்கு என்று தம்பையா கிண்டலாகக் கேட்டான். பேர் போட்டால்தான் நாளைக்கும் வருவார்கள் என்றாள் அவள்.

வந்தார்கள். நாலு நாள் வந்தார்கள். கொழுந்து வேலைக்குப் போகாமல் காட்டில் போய் உட்கார்ந்தவர்களைத் தோட்டத்துத் துரை கண்டும் காணாமலும் விட்டார். அவர் பங்களாவுக்கும் தண்ணீர் அதே ஊற்றிலிருந்துதான் போகிறது. மழை விடவில்லை. படங்குகளை மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டி, அவற்றின் அடியில் ஈர விறகை ஊதி ஊதித் தேத்தண்ணி காய்ச்சினார்கள். சந்தியில் கடை வைத்திருக்கும் மஹ்ரூப் நானா இரண்டு பை பாணும் சீனியும் தானே சுமந்து வந்தார். அவர் கடைக்குப் பின்னாலும் அந்த ஓடைதான் ஓடுகிறது. அட்டைக்குச் சப்பாத்து போதும் என்று நம்பி வந்தவர், திரும்பும்போது இரண்டு காலிலும் ரத்தம் வழியப் போனார். மறுநாள் சவுக்காரம் பூசிக்கொண்டு வந்தார்.

தம்பையா இந்த நாலு நாளும் வீட்டில் சமைத்தான். பருப்பைத் தீயவிட்டான். பீலியடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் பிள்ளைகள்கூட அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். முன்பு அது மரியாதையாக இருந்தது. இப்போது அது என்னவென்று அவனுக்கே தெரிந்தது. மூன்றாம் நாள் மரம் விழுவது நின்றிருந்ததால், பீலித் தண்ணீர் கொஞ்சம் தெளிந்திருந்தது. வாளியின் அடி தெரிந்தது. அவன் அதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றான்.

நாலாம் நாள் அந்தியில் விஜேந்திரன் தம்பையாவுக்குப் போன் எடுத்தான். குரல் இறங்கியிருந்தது.

“அண்ணே, நாளைக்கு ஏழு மணிக்கு வெளியாளுங்க பெக்கோவோட வர்றாங்க. என் கையில ஒன்னும் இல்லண்ணே. அவங்களுக்கு நெரையும் தெரியாது, ஒன்னும் தெரியாது. அண்ணியவாச்சும் கீழ கூட்டிக்கிட்டுப் போயிருங்க.”

தம்பையா அதை நல்லம்மாவிடம் அப்படியே சொன்னான். அவள் அவனுடைய தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

“பதினாறு பேரையும் சேத்துக் கூட்டிக்கிட்டு வருவீங்களா? அப்படின்னா வாறேன்.”

அவள் பயப்படவில்லை என்று சொல்ல முடியாது. நிறைந்த தட்டிலேயே இன்னும் ஓர் அகப்பைச் சோற்றைப் போட்டாள். அந்தப் பயத்தோடுதான் அவள் நாளைக்கும் அந்தக் கீனா மரத்தடியில் உட்காரப்போகிறாள் என்பதைத் தம்பையா கண்டான். இப்படிப்பட்ட ஒருத்தியோடு இருபத்திரண்டு வருடம் ஒரே காம்பராவில் குடித்தனம் பண்ணிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் தொப்பிக்காகப் பெருமைப்பட்டுத் திரிந்தோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குப் பின்னாலேயே, நெஞ்சு நிமிர்ந்துகொள்ளும் அளவுக்குப் பெருமையும் வந்தது. இவள் என் பெண்சாதி என்று யாரையாவது பிடித்து நிறுத்திச் சொல்லவேண்டும் போல் இருந்தது. சொல்ல ஆள் இல்லை. சோற்றைச் சாப்பிட்டான்.

விடிகிற நேரம், மலையை மூடியிருந்த பனி இன்னும் கலையவில்லை. தம்பையா ஹெல்மட்டை மாட்டினான், மிஷினை எடுத்தான். ஓடைப் பள்ளத்தடிக்கு வந்து, தான் போட்ட பாலத்தின் மேல் நடந்து, காட்டுப் பக்கத்தில் ஆளில்லாமல் கிடந்த கடைசி நெரைக்குப் போனான். நடுவில் ஒரு தரம் நின்று காலை அழுத்திப் பார்த்தான். அசையவில்லை. நல்ல வேலைதான்.

இரண்டு பக்கமும் ஊன்றிக் கிடக்கிற மரத்தை மேலிருந்து ஒரேயடியாக அறுத்தால் அது மிஷினைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுக்கவேண்டும். மிச்சத்தைக் கீழிருந்து மேல்நோக்கி எடுக்கவேண்டும். தம்பையா ஒரு முழங்காலை ஈர மண்ணில் ஊன்றிக்கொண்டு மிஷினை முடுக்கினான்.

சத்தம் காட்டுக்குள் போனதும், அங்கே கூடத் தொடங்கியிருந்த பெண்கள் பதறி ஓடி வந்தார்கள். பெரட்டுக்கு முன்பே யாரோ மரம் வெட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று நினைத்தார்கள். முன்னால் வந்தவள் நல்லம்மா. “பாவி மனுசா” என்று தொடங்கியவள், அவன் குனிந்திருக்கும் இடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். முதல் மரம் ஒரு முறிகிற சத்தத்தோடு பள்ளத்தில் இறங்கியது. இரண்டாவது மரத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. அவன் அவசரப்படவில்லை. அதுவும் விழுந்ததும் மிஷினை நிறுத்தி, சங்கிலியைத் துடைத்து, உறையைப் போட்டான்.

ஏழு மணிக்கு பெக்கோ வந்தது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி எட்டிப் பார்த்தார், ஹெல்மட் போட்ட ஆளைப் பார்த்தார், இஞ்சினை அணைத்துவிட்டு வெற்றிலைப் பையைத் திறந்தார். ஒன்பது மணிக்கு பொலிஸ் ஜீப் வந்தது. பாலம் இல்லாததால் சார்ஜன் மேலே சுற்றிப் போய், கல்லுக்குக் கல் தாவி, சப்பாத்து நனைந்து வந்து சேர்ந்தார். பின்னாலேயே விஜேந்திரன் வந்தான். பாலத்தை உடைத்தது யார் என்று சார்ஜன் சிங்களத்தில் கேட்டார். பெண்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. விஜேந்திரனும் தெரியாது என்று தலையாட்டினான். அந்த வெட்டு யாருடைய கை என்று அவனுக்குத் தெரியாமலிருக்க முடியாது.

தம்பையா முன்னால் வந்தான். தான் போட்ட பாலம், தானே எடுத்ததாகச் சிங்களத்தில் சொன்னான். எதற்காக எடுத்தாய் என்று சார்ஜன் கேட்டதற்கு மட்டும் அவனுக்குச் சிங்களத்தில் வார்த்தை வரவில்லை.

“இது என் நெரைங்க” என்றான்.

பெண்களோடு நின்ற விதுஷா அதை மொழிபெயர்க்க முயன்றாள். அப்பாவுக்குக் கொடுத்த வேலைப் பங்கு இது, இதில் வேறு யாரும் நுழையக்கூடாது என்று சொல்கிறார் என்றாள். சார்ஜன் கொஞ்ச நேரம் அந்தப் பதினாறு கூடைகளையும் பார்த்தார். பிறகு, எதுவானாலும் பொலிஸுக்கு வந்து பேசு என்று கூட்டிப் போனார். தம்பையா ஹெல்மட்டைக் கழற்றி மகள் கையில் கொடுத்துவிட்டு, முதுகு வளையாமல் நடந்து போய் ஜீப்பில் ஏறினான்.

பொலிஸில் முறைப்பாடு எழுதத் தொடங்கினார்கள். யாருடைய பாலம் என்று கேட்டால், பாலம் யார் அனுமதியோடு போட்டது என்ற கேள்வி வருகிறது. பாலத்துக்கு அனுமதி கேட்டால் ரோட்டுக்கு அனுமதி எங்கே என்று வருகிறது. ஹோட்டல்காரர்களின் ஆள் இரண்டு இடத்துக்குப் போன் எடுத்துப் பார்த்தார். அனுமதிக் கடுதாசி வரவில்லை. விதுஷாவின் கடிதத்துக்கு அசையாத காட்டுக் கந்தோர்க்காரர்கள், பொலிஸ் கூப்பிட்டதும் மத்தியானத்துக்குள் வந்து, கடுதாசி வரும்வரை காட்டுக்குள் ஒரு மிஷினும் போகக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். தம்பையாவின் பெயரில் வழக்கு இருந்தது. அது போகாது. மஹ்ரூப் நானா பிணைக்குக் கையெழுத்துப் போட்டு, தன் முச்சக்கரவண்டியிலேயே அவனைத் தொங்கல்வரை கொண்டுவந்து விட்டார்.

அவன் காட்டுக்கு ஏறியபோது மணி நாலு. பேர் போடும் நேரம். பெண்கள் வரிசையில் நின்றார்கள். தம்பையா எங்கே நிற்பதென்று தெரியாமல் கடைசியில், கொஞ்சம் தள்ளி நின்றான். ஆம்பளை ஒருத்தன் பெண்கள் வரிசையில் நிற்பதா என்று யாரும் கேலி பண்ணவில்லை. இராசையாவின் பெண்சாதி மட்டும், நின்றதுதான் நின்றீர்கள், ஒரு கூடையையும் மாட்டிக்கொள்ளக்கூடாதா என்றாள்.

நல்லம்மா கொப்பியோடு ஓடைக் கரைக்குப் போயிருந்தாள். கரையில் மிச்சமிருந்த இரண்டு மரத்துண்டுகளுக்கு முன்னால் குந்தி, வெட்டுவாயில் விரலை மெல்ல ஓட்டிப் பார்த்தாள். எழும்பி வந்தாள்.

“வெட்டு சுத்தமா இருக்குங்க” என்றாள்.

தம்பையா தலையைக் குனிந்துகொண்டான். கண் நிறைந்துவிட்டதை அத்தனை பேர் முன்னால் காட்ட அவனுக்கு மனமில்லை.

அவள் வரிசைப்படி பேர் போட்டுக்கொண்டு வந்தாள். பதினாறு முடிந்ததும் கீழே புதிதாக ஒரு கோடு போட்டு, பதினேழாவது நெரை, தம்பையா என்று எழுதினாள். இராசையாவின் பெண்சாதி எட்டிப் பார்த்து, இவர் விடியக்காலையில் ஒரு மணித்தியாலம்தானே வேலை செய்தார், அரைப்பேர்தானே வரும் என்று நியாயம் கேட்டாள்.

“முழுப்பேர்” என்றாள் நல்லம்மா.

பிறகு கொப்பியை மூடிப் படங்குக்குள் செருகிக்கொண்டு, நாளைக்கும் ஆறு மணிக்கே பெரட்டு என்று எல்லாரிடமும் சொன்னாள்.